கடன் வாங்கிக் கலை பயிலலாமா?

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகிவிட்டால், உபாத்தியாயர்களின் வீட்டுத் திண்ணைக்குத் தனி மவுசு உண்டாகிவிடுகிறது. வருஷம் முழுவதும் நம்மை எட்டிப் பாராத பெற்றோர்களும் மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சென்ற கோடையில் அவ்விதம் வந்தவர்களில் ஒரு தகப்பனாரையும் அவருடைய மகளையும் நம்மால் மறக்க முடியவில்லை.

தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். பெண் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கெட்டிக்காரி. சமூகவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வெளியூரில் பெயர் பெற்ற தனியார் கலாசாலை ஒன்றில் இடமும் கிடைத்துவிட்டது. மூன்று வருஷத்துக்குச் சம்பளம், விடுதிச் செலவு எல்லாம் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய்.

"ஸார்! கடன் கொடுப்பதற்குப் பாங்கிக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். வாங்குவதற்குத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இஞ்சினீயரிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இது சமூகவியலாம். இந்தப் படிப்பு வாங்கிய கடனை அடைக்குமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் தகப்பனார்.

பெண் தலை நிமிர்ந்து, "இஞ்சினீயரிங் எனக்கு வராது என்பதில்லை, ஸார். எனக்கு அது வேண்டாம்" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை.

நமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பையன் இதே திண்ணைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டான். அவனுக்குச் சரித்திரத்தில் அபாரமான பற்று. "கல்விக்குச் செய்யும் செலவு ஒருநாளும் வீண்போகாது, தைரியமாகப் படி" என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். எவ்வளவு கடன், என்ன வட்டி, தவணை எப்போது தொடங்கும் என்று ஒரு வார்த்தை விசாரித்தோமா? இல்லை. அவன் எம்.ஏ. முடித்து ஒரு தனியார் பள்ளியில் மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தான். பாங்கியின் தவணையோ மாதம் ஒன்பதாயிரம். தகப்பனார் தமது சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டினார். அந்தப் பணம் அவனுடைய தங்கையின் மேற்படிப்புக்கென்று வைத்திருந்த பணம். பையன் இன்று சௌக்கியமாகவே இருக்கிறான். தங்கையின் படிப்பு மட்டும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாம் வாய்க்கு வந்தபடி உபதேசம் செய்ததன் பயனை நம்மை ஒருபோதும் பார்த்திராத அந்தப் பெண் அனுபவித்தாள்.

ஆகையால் இந்தத் தடவை உபதேசத்தை நிறுத்திவிட்டு, ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தோம். அன்று போட்ட கணக்கைத்தான் நேயர்களுக்கு இங்கே விவரிக்கப் போகிறோம்.

கடன் என்பது எது?

முதலில் கடனின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். நம் தேசத்தில் பாங்கிகள் கொடுக்கும் கல்விக் கடனுக்கு 2001-ம் வருஷத்தில் இந்தியப் பாங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரையில் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. ஆனால் தகப்பனாரோ தாயாரோ உடன் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். 2015-ல் மத்திய சர்க்கார் உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியதால், 7.5 லட்சம் வரையில் ஜாமீன் இல்லாமல் கொடுக்க வழி உண்டாயிற்று. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு பதினைந்து வருஷம் வரையில் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டலாம்.

இவை யாவும் நல்ல வசதிகளே. ஆனால் இரண்டு விஷயங்களைப் பெற்றோர்கள் கவனிப்பதில்லை. தவணைதான் கிடையாதே தவிர, படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. இது ஒன்று. மற்றொன்று, பெண்ணுக்கு வேலை கிடைத்ததா, என்ன சம்பளம் என்று பாங்கி கேட்டுக்கொண்டிராது. குறித்த மாதம் வந்தால் தவணை வந்தாக வேண்டும். மகளால் முடியவில்லையென்றால் உடன் கையெழுத்திட்ட தகப்பனார் கட்ட வேண்டும். அவருடைய பெயரிலும் கடன் பாக்கி பதிவாகும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வருஷத்துக்கு 2 லட்சமாக மூன்று வருஷத்தில் 6 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். வீதம் பாங்கிக்குப் பாங்கி மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். முதல் 2 லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி 80,000. இரண்டாவது 2 லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி 60,000. கடைசி 2 லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 40,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 6 லட்சம் அல்ல. 7 லட்சத்து 80 ஆயிரம். இதைப் பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 10,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது சுமார் 12 லட்சத்து 37 ஆயிரம். பதினைந்து வருஷமாக நீட்டினால் தவணை சுமார் 8,380 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் 15 லட்சத்துக்குச் சற்று மேலாகிவிடும்.

கணக்கர் இந்த எண்களைக் கண்டதும் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆறு கொடுத்துப் பன்னிரண்டு வாங்குகிறார்கள்" என்றார். பாங்கியின் மீது குற்றமில்லை. நீண்ட காலக் கடன் எதுவும் இப்படித்தான். வீடு கட்டும் கடனும் இதே கணக்குத்தான். ஆனால் வீட்டை விற்கலாம். பட்டத்தை விற்க முடியாது.

வருமானம் எப்படி?

தராசின் ஒரு தட்டைப் பார்த்தோம். இனி மறு தட்டு. சமூக சாஸ்திரங்கள் என்று பொருளாதாரம், அரசியல், சமூகவியல், மானிடவியல் முதலிய பல பாடங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். சரித்திரத்தையும் பலர் இதில் சேர்ப்பார்கள். சம்பள விஷயத்தில் இவையெல்லாம் ஒரு ஜாதி அல்ல.

இதைத் துல்லியமாக ஆராய்ந்து பார்த்தவர்கள் இங்கிலாந்து தேசத்தார். அங்கே பட்டதாரிகளின் கடன் விவரமும் வருமான வரி விவரமும் சர்க்காரிடமே இருப்பதால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடிகிறது. லண்டனிலுள்ள இன்ஸ்டிட்யூட் பார் பிஸ்கல் ஸ்டடீஸ் என்னும் ஆராய்ச்சி நிலையம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில், வரியும் கடனும் போக, பட்டதாரிகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் படிப்பு லாபமாகவே முடிகிறது என்று கண்டது. எஞ்சிய ஒருவர், பணத்தை மட்டும் கருதினால், சர்வகலாசாலைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். பொருளாதாரம் படித்தவர்கள் வைத்தியம், சட்டம் படித்தவர்களோடு முன்வரிசையில் நின்றார்கள். சித்திரம், நாடகம் முதலிய கலைகளைப் பயின்றவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். ஒரே பாடத்திலும், எந்தக் கலாசாலையில் படித்தார் என்பதைப் பொறுத்துப் பெரிய வித்தியாசம் இருந்தது. இங்கிலாந்தின் சம்பளம் நமக்குப் பொருந்தாது. ஆனால் "கலைப் படிப்பு சோறு போடாது" என்று மொத்தமாகச் சொல்வதும், "படித்தால் எல்லாம் வரும்" என்று மொத்தமாகச் சொல்வதும் ஒருசேரத் தவறு என்பது அந்த ஆராய்ச்சியிலிருந்து விளங்குகிறது.

நம் தேசத்தில் சமூக சாஸ்திரம் படித்தவருக்கு என்ன வழிகள் இருக்கின்றன? எம்.ஏ. முடித்து, தேசியத் தகுதிப் பரீட்சையில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்குத் தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். சர்க்கார் கலாசாலையிலோ சர்வகலாசாலையிலோ நிரந்தர உதவிப் பேராசிரியரானால், ஏழாவது சம்பளக் கமிஷனை ஒட்டி வகுத்த விகிதப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பொருளாதாரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கு இந்தியப் பொருளாதார சர்வீஸ் என்று தனிப் பரீட்சையே இருக்கிறது. இந்திய ஆட்சிப் பணிக்கான பரீட்சைக்கு எந்தப் பட்டதாரியும் போகலாம். சமூக சாஸ்திரம் பயின்றவர்களுக்கு அதில் பல பாடங்கள் பழகியவையாகவே இருக்கும். இவை தவிர பாங்கி உத்தியோகம், பள்ளி உத்தியோகம், பத்திரிகைத் தொழில், கிராம அபிவிருத்தி ஸ்தாபனங்கள், கம்பெனிகளில் சந்தை நிலவரத்தை ஆராயும் வேலை எல்லாம் உண்டு.

வழிகள் பல என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடனாளி இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்த வழியில் எத்தனை பேருக்கு இடம்? ஆட்சிப் பணிப் பரீட்சைக்கு வருஷந்தோறும் சுமார் பத்து லட்சம் பேர் விண்ணப்பம் செய்கிறார்கள். சமீப வருஷங்களில் இருந்த இடங்கள் சுமார் ஆயிரம். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் பதவியை நம்பி நிச்சயமான கடனை வாங்குவது விவேகமாகுமா? இரண்டாவது கேள்வி: அந்தச் சம்பளம் எப்போது கிடைக்கும்? உதவிப் பேராசிரியர் பதவிக்குப் பி.ஏ. போதாது. எம்.ஏ. வேண்டும், தகுதிப் பரீட்சையோ டாக்டர் பட்டமோ வேண்டும், அதன் பிறகு காலியிடம் வேண்டும். பதினெட்டு வயதில் கலாசாலைக்குப் போனவர் இருபத்தெட்டு, முப்பது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதிருஷ்டசாலி என்றே சொல்லலாம்.

நம் பிரச்சினையின் மர்ம ஸ்தானம் இதுதான். சமூக சாஸ்திரப் படிப்பு பலா மரத்தைப் போன்றது. நன்றாகவே காய்க்கும், ஆனால் பல வருஷம் காத்திருக்க வேண்டும். பாங்கித் தவணையோ பி.ஏ. முடித்துப் பன்னிரண்டு மாதம் கழிந்ததும் வாசலில் வந்து நிற்கும். படிப்பு மட்டமானதும் அல்ல, கடன் கொடியதும் அல்ல. தவணை வரும் காலமும் பலன் வரும் காலமும் பொருந்தாமையே குடும்பங்களை நசுக்குகிறது. பட்டம் பெற்ற புதிதில் மாதம் 20,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதில் 10,300 தவணைக்குப் போய்விட்டால் மிச்சத்தில் வெளியூரில் அறை வாடகையும் சாப்பாடும் நடக்குமா? அந்தப் பெண் எம்.ஏ. படிக்கும் எண்ணத்தையே கைவிட்டு, கிடைத்த வேலைக்கு ஓட வேண்டியதுதான். பலன் தரும் படிக்கு ஏறுவதற்கு முன்பே கடன் அவளைக் கீழே இழுத்துவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

இங்கிலாந்தில் இந்தப் பொருத்தமின்மையை ஒருவாறு தீர்த்திருக்கிறார்கள். அங்கேயும் படிப்பு மலிவானதல்ல. 1998-ல் வருஷத்துக்கு 1,000 பவுன் என்று தொடங்கிய சம்பளம் 2012-ல் 9,000 பவுன் வரை ஏறி, 2025-ல் 9,535 பவுனாயிற்று. ஆனால் 2023 முதல் சேர்ந்த மாணவர்களுக்கு விதித்த முறைப்படி, வருஷ வருமானம் 25,000 பவுனைத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் நூற்றுக்கு ஒன்பது பங்கைக் கட்ட வேண்டும். வருமானம் குறைந்தால் தவணையும் குறையும். வேலை போனால் தவணையும் நிற்கும். நாற்பது வருஷத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தால் தள்ளுபடி. நாற்பது வருஷம் கடனாளியாகவே வாழ்வதா என்று அங்கே கசப்பாகக் கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். எனினும், தகப்பனாரின் சேமநிதி அங்கே பறிபோவதில்லை. தங்கையின் படிப்பு நிற்பதில்லை.

நம் சர்க்கார் என்ன செய்திருக்கிறது? 2009-ல், வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கால வட்டியைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் ஒன்று வந்தது. நல்ல காரியம். ஆனால் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் மட்டுமே என்று விதித்தார்கள். ஏழைப் பையன் இஞ்சினீயரிங் படித்தால் வட்டி இல்லை; பொருளாதாரத்தில் பி.ஏ. படித்தால் வட்டி உண்டு! 2024 நவம்பரில் அங்கீகரிக்கப்பட்ட பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டம் சிறிது விசாலமானது. தேர்ந்தெடுத்த 860 உயர்தர ஸ்தாபனங்களில் சேருகிறவர்களுக்கு ஜாமீன் இன்றிக் கடன். வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்டால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவிகித வட்டிச் சலுகை. ஆயினும் சலுகை பெறுவோர் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் என்று வரம்பு வைத்து, சர்க்கார் ஸ்தாபனங்களில் படிப்போருக்கும் தொழிற்கல்வி பயில்வோருக்கும் முதலிடம் என்றார்கள்.

தேசத்துக்கு இஞ்சினீயர்கள் மட்டும் போதுமா? 1915-ம் வருஷக் கடைசியில் சென்னை சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் வந்தார். அவர் தம் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீடு வீடாக விசாரித்து எழுதச் செய்தார். தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918-ல் புஸ்தகமாக வெளிவந்தது. அதே ஊர்களுக்கு மறுபடி போய்ப் பார்த்த கணக்கு 1940-ல் வந்தது. 1980-களிலும் ஆராய்ச்சியாளர்கள் இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமம் எப்படி மாறியிருக்கிறது என்று நாம் இன்று அறிவதற்கு, அன்று காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போன கலாசாலைப் பிள்ளைகளே மூலகாரணம். தன் ஜனங்களை எண்ணிப் பார்க்கத் தெரியாத தேசம் அவர்களுக்கு எதைக் கொடுப்பது என்றும் அறியாது. அந்தக் கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், எழுதப்படும் கணக்கும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவோடு நின்றுவிடும்.

சர்க்கார் திருந்தும் வரையில் கணக்கர் காத்திருக்க முடியாதே! அவர் வீட்டில் விண்ணப்பம் நிரப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

குடும்பம் செய்யக் கூடியது

ஆகவே அவருக்கு மூன்று யோசனைகள் சொன்னோம்.

முதலாவது, கடனுக்கு ஓர் எல்லை. பட்டம் பெற்றதும் நியாயமாக எதிர்பார்க்கக் கூடிய முதல் வருஷச் சம்பளம் எவ்வளவோ, மொத்தக் கடன் அதற்கு மேற்படலாகாது. மாதம் 20,000 என்றால் வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அதற்குச் சற்றுக் குறைவாக, மூன்று வருஷத்தில் 2 லட்சத்து 25 ஆயிரம் கடன் வாங்கினால், முன் சொன்ன வட்டிப்படி பத்து வருஷத் தவணை மாதம் சுமார் 3,865 ரூபாய். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளே அடங்குகிறது. மூச்சு விடலாம், எம்.ஏ. பற்றி யோசிக்கவும் செய்யலாம். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கலாசாலையின் விளம்பரத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் மிக அதிகச் சம்பளம் பெற்ற ஒருவரின் படத்தைப் போடுவார்கள். இந்தப் பாடத்தில் சென்ற வருஷம் எத்தனை பேர் தேறினார்கள், அவர்களில் நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது, கடனைக் கீழ்ப்படியில் செலவழிக்காமல் மேற்படிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சமூக சாஸ்திரத்தில் பி.ஏ. என்பது வாசற்படி, உத்தியோகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எம்.ஏ.வும் அதற்கு மேலும்தான். வாசற்படிக்கே ஆறு லட்சம் கொடுத்துவிட்டு உள்ளே நுழையக் காசில்லாமல் நிற்பது புத்திசாலித்தனமல்ல. ஜில்லாதோறும் சர்க்கார் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வருஷச் செலவு சில ஆயிரங்களோடு முடிகிறது. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேற்படிப்பின்போது மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் தொடங்கியது. எம்.ஏ.வுக்குப் புதுச்சேரி, திருவாரூர் முதலிய இடங்களில் மத்திய சர்வகலாசாலைகள் இருக்கின்றன. நுழைவுப் பரீட்சையில் தேறினால் இடம். அங்கே விடுதிக்கும் புஸ்தகத்துக்குமாக இரண்டு வருஷத்தில் ஒரு லட்சம் கடன் வாங்கினால்கூட, தவணை தொடங்கும்போது 1 லட்சத்து 25 ஆயிரம். ஐந்தே வருஷத்தில், மாதம் சுமார் 2,656 ரூபாயில் அடைந்துவிடும்.

மூன்றாவது, வாங்கியே தீர வேண்டுமென்றால், படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவிகிதம் வட்டி குறைக்கலாம் என்று பாங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே இடமிருக்கிறது. விசாரித்துக் கேட்க வேண்டும். அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரே மூச்சில் சம்பளம் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இது ஏழைகளைப் பார்த்து "உங்களுக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் யோசனை அல்ல. இதே வழியில் நடந்த ஒரு பெரியவர் நமக்கு இருக்கிறார். டாக்டர் அம்பேத்கரைச் சட்ட நிபுணராகவே நாம் அறிவோம்; அவர் முதலில் பயின்றது பொருளாதாரம். 1912-ல் பம்பாயில் பி.ஏ. முடித்ததும், 1913-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றதும் பரோடா மகாராஜாவின் உபகாரச் சம்பளத்தில்தான். லண்டனில் தொடங்கிய படிப்பு பாதியில் நின்றதும், ஊர் திரும்பி, 1918-ல் பம்பாய் ஸிடன்ஹாம் கலாசாலையில் மாதம் 450 ரூபாய் சம்பளத்தில் பேராசிரியராக அமர்ந்தார். தம் சேமிப்பும், கோலாப்பூர் ஷாஹு மகாராஜாவின் உதவியும் போக, குறைந்த தொகைக்குத்தான் நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு 1920-ல் மறுபடி கப்பலேறினார். அவருடைய ஒரு வருஷச் சம்பளத்துக்கு அந்தக் கடன் உட்பட்டிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்கலாம். 1923-ல் டாக்டர் பட்டமும், ரூபாய் நாணயத்தின் பிரச்சினையைப் பற்றிய புகழ்பெற்ற நூலும் வந்தன. கடனுக்கு அவர் அஞ்சவில்லை. ஆனால் கடைசிப் படிக்கு மட்டுமே கடன் வாங்கினார்.

பென்சிலைக் கீழே வைத்தபோது இருட்டிவிட்டது. பெண்ணின் முகத்தில் முழுச் சந்தோஷம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தத் தனியார் கலாசாலையின் பெரிய புஸ்தகசாலையும், பல ஊர்ப் பிள்ளைகளின் சகவாசமும் அவளுக்குக் கிடைக்காமற் போகின்றன. அது நஷ்டமே; நஷ்டமில்லை என்று நாம் பசப்பவில்லை. "நம் ஊர்ச் சர்க்கார் கல்லூரியில் சமூகவியல் இல்லையே, ஸார்?" என்றாள்.

"பொருளாதாரம் இருக்கிறது, அம்மா. அதைப் படி, புள்ளிவிவரக் கணக்கையும் இங்கிலீஷையும் விடாமல் பழகு. எம்.ஏ.வில் சமூகவியல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் தெரிந்தவளுக்கு மதிப்பு குறையாது" என்றோம்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "அண்ணனுக்காகப் படிப்பை விட்ட அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பழைய கதையை நாம் சொல்லியிருந்தோம். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நம்மிடந்தான் படிக்கிறான்.

தகப்பனார் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மூன்று வருஷம் கழித்து எம்.ஏ.வுக்குக் கடன் வாங்குவதா என்று கேட்க வருவோம், ஸார். அப்போது இந்தக் காகிதத்தையும் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி எழுந்தார்.

அந்தப் பெண் இப்போது சர்க்கார் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். மூன்று வருஷம் கழித்து அவர்கள் வரும்போது வட்டி வீதம் மாறியிருக்கும், சட்டமும் மாறியிருக்கலாம். கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். போடுவோம்.